இருபதாம் தேதி இராத்திரி தாங்குகிற மென்பொருள் எது?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் தம்பியோடு சேர்ந்து ஜிஎஸ்டி, வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் தரும் சின்ன ஆபீஸ் நடத்துகிறேன் சார். வேலைக்கு ஆறு பேர், அதில் இரண்டு பேர் தாம்பரத்திலும் ஆவடியிலும் வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள். எல்லா பார்ட்டிகளின் பாஸ்வேர்டும் ஒரே எக்செல் ஃபைலில் இருக்கிறது, காகிதங்கள் வாட்ஸ்அப்பில்தான் வரும். போன மாதம் எங்கள் பெயரில் ஒரு பார்ட்டிக்குப் பொய் மெயில் போய், ஃபீஸை வேறு அக்கவுண்டில் போடச் சொல்லியிருக்கிறது. நல்லவேளை, அவர் ஃபோன் செய்து கேட்டுவிட்டார். இன்ஜினியரிங் படிக்கும் என் மகன் பதினான்கு மென்பொருள் கொண்ட பட்டியல் கொடுத்திருக்கிறான். இதில் எதை வாங்குவது, எந்த ஆன்டிவைரஸ் நல்லது? செலவு அதிகம் செய்ய முடியாது.

பதில்: வணக்கம் மேடம். கடிதத்தோடு அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். மகன் தப்பாக எதையும் எழுதவில்லை, ஒவ்வொன்றும் நல்ல சரக்குதான். ஆனால் பதினான்கையும் ஒன்றாகக் கொண்டுவந்து இறக்கினால் இரண்டாவது வாரமே எல்லாரும் பழையபடி எக்செலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் திரும்பிவிடுவார்கள், காசும் போயிருக்கும், பாதுகாப்பும் வந்திருக்காது.

மென்பொருளுக்குப் போகும் முன் அவசரமான ஒரு வேலை. அந்தப் பொய் மெயில் உங்கள் நிஜ முகவரியிலிருந்தே போனதா, ஓர் எழுத்து மாறிய முகவரியிலிருந்து போனதா என்று பார்ட்டியிடம் கேட்டு, மெயிலை அப்படியே வாங்கிப் பாருங்கள். உங்கள் முகவரியிலிருந்தே போயிருந்தால் யாரோ ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கக்கூடும். மெயில் செட்டிங்ஸில் போய் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள், ஏனென்றால் இந்த ஆசாமிகள் உள்ளே வந்ததும் செய்கிற முதல் காரியம் 'ஃபீஸ்', 'இன்வாய்ஸ்' மாதிரி வார்த்தை உள்ள மெயிலெல்லாம் தங்களுக்கும் ஒரு நகல் வருகிற மாதிரி ஏற்பாடு செய்துகொள்வதுதான், நீங்கள் பாஸ்வேர்டை மாற்றின பிறகும் அந்த ஏற்பாடு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதை அழித்துவிட்டு, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்து, பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு ஓடிபி மாதிரி இன்னொன்றும் கேட்பது) போடுங்கள். யாராவது பணத்தை அனுப்பிவிட்டார் என்று தெரிந்தால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்கச் சொல்லுங்கள், பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க அதுதான் வழி.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்த மென்பொருளாக இருந்தாலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: இருபதாம் தேதி இராத்திரி பத்து மணிக்கு, அன்றைக்குக் கடைசி நாளான 3பி (மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போட இன்னும் பதினைந்து பார்ட்டி பாக்கி, போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வீட்டிலிருந்து 'எப்ப வருவே' என்று ஃபோன் வருகிறது, அந்த நேரத்தில் உங்கள் ஸ்டாஃப் இதைத் திறப்பாரா, இதை ஓரமாக வைத்துவிட்டு வேறு வழியில் போய்விடுவாரா? பாதுகாப்பான வழி மற்ற வழியைவிடச் சுருக்கமாக இருந்தால்தான் யாரும் அதில் போவார்கள். நீளமாக இருந்தால் நீங்கள் சுவரில் நோட்டீஸ் ஒட்டினாலும் போகமாட்டார்கள்.

உதாரணத்துக்கு, நீங்கள் எழுதாத, ஆனால் உங்கள் ஆபீஸில் கட்டாயம் நடக்கிற ஒன்று. நோட்டீஸுக்குப் பதில் போடும்போது போர்ட்டல் 'ஃபைல் பெரிதாக இருக்கிறது' என்று திருப்பி அடிக்கும். உடனே ஸ்டாஃப் கூகுளில் 'கம்ப்ரஸ் பிடிஎஃப்' என்று தட்டி, முதலில் வருகிற இலவசத் தளத்தில் பார்ட்டியின் பேங்க் ஸ்டேட்மென்ட், பான் கார்டு, பேலன்ஸ் ஷீட் எல்லாவற்றையும் ஏற்றி, சுருக்கி, இறக்கிக்கொள்வார். எந்த ஊர் சர்வர், யார் நடத்துவது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, அவர் வேலையை முடித்திருக்கிறார். எல்லா சிஸ்டத்திலும் பிடிஎஃப்24 கிரியேட்டர் போட்டுவிடுங்கள். இலவசம், சிஸ்டத்துக்குள்ளேயே சுருக்கும், சேர்க்கும், பிரிக்கும், ஃபைல் வெளியே எங்கும் போகாது, இணையத் தளத்தைவிட வேகமாகவும் இருக்கும். ஒன்று கவனிக்க வேண்டும்: அதே பெயரில் ஏற்றி இறக்குகிற இணையத் தளமும் உண்டு, நீங்கள் சிஸ்டத்தில் நிறுவுகிற நிரலைத்தான் போட வேண்டும். டெஸ்க்டாப்பில் ஐகான் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும். ஒரு ரூபாய் செலவில்லாமல் உங்கள் ஆபீஸிலிருந்து தகவல் ஒழுகுகிற பெரிய ஓட்டை ஒன்று அடைபட்டுவிடும். ஏஐ சாட்பாட்டில் பார்ட்டி பெயரோடு நோட்டீஸை ஒட்டிப் பதில் எழுதச் சொல்வதும் இதே கதைதான். அதைத் தடுக்க முடியாது, பெயர், பான், ஜிஎஸ்டி நம்பர், அக்கவுண்ட் நம்பர் இவற்றை எடுத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

அடுத்து அந்த எக்செல். ஃபைல் பெயரே 'பாஸ்வேர்டு' என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன், பார்த்த பல ஆபீஸ்களில் அப்படித்தான் இருக்கிறது. அதில் உள்ள பிரச்சினை திருட்டு மட்டுமில்லை. வேலையை விட்டுப் போகிறவர் பென் டிரைவில் எடுத்துப் போனாலும் உங்களுக்குத் தெரியாது, யார் எப்போது எதைப் பார்த்தார் என்று எழுதி வைக்கவும் ஆளில்லை, ஒருவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு ஃபைலில் மாற்ற மறந்தால் அடுத்தவர் பல தடவை தப்பாக அடித்து அக்கவுண்டைப் பூட்டி வைப்பார். இதற்கு பாஸ்வேர்டு மேனேஜர்தான் மருந்து, எல்லா பாஸ்வேர்டையும் ஒரு பெட்டகத்தில் பூட்டி வைத்து, கேட்கிற இடத்தில் தானே நிரப்புகிற மென்பொருள். உங்கள் அளவு ஆபீஸுக்கு பிட்வார்டன் அல்லது ஜோஹோ வால்ட், இரண்டில் எதுவானாலும் சரி. பிட்வார்டனின் மூல நிரல் எல்லாரும் பார்க்கும்படி திறந்திருக்கிறது. அதை ஒருவர் இலவசமாகவே வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆறு பேர் பகிர்ந்துகொள்ள மாதச் சந்தா கட்ட வேண்டும். ஒரு பைசாவும் கட்ட முடியாது என்றால் கீபாஸ்எக்ஸ்சி இருக்கிறது, ஆனால் அதில் ஃபைலை எல்லாருக்கும் ஒரே மாதிரி வைத்திருப்பது உங்கள் பொறுப்பாகிவிடும், ஆறு பேர் உள்ள இடத்தில் அது சண்டையில்தான் முடியும்.

இருபதாம் தேதி இராத்திரிச் சோதனையில் இது முதல் மார்க் வாங்கும். எக்செலைத் திறந்து, கண்ட்ரோல் எஃப் போட்டு, காப்பி எடுத்து, போர்ட்டலில் ஒட்டுவதைவிட ஒரே கிளிக்கில் தானே நிரப்பிவிடும். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஜிஎஸ்டி தளம் மாதிரியே செய்த போலித் தளத்துக்கு லிங்க் வந்து ஸ்டாஃப் போய்விட்டார் என்று வையுங்கள், மனிதக் கண் ஏமாறும், ஆனால் மேனேஜர் முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தவில்லை என்றால் நிரப்பாது. 'ஏன் நிரப்பலை' என்று யோசித்து நிற்கிற அந்த ஐந்து வினாடிதான் உங்களைக் காப்பாற்றுவது. அந்த நேரத்தில் கையால் அடிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

'எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கலாமா' என்று உங்கள் தம்பி கேட்பார். நியாயமான கேள்வி. 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் புகுந்தவர்கள் வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களின் நகலையே அள்ளிக்கொண்டு போனார்கள். அதிலும் பெட்டகத்தைத் திறக்கிற மாஸ்டர் பாஸ்வேர்டை நீளமாக வைத்தவர்களின் பெட்டியை உடைப்பது லேசில்லை, குட்டியாக வைத்தவர்கள்தான் பயந்து கிடக்க வேண்டியதாயிற்று. அதனால் மாஸ்டர் பாஸ்வேர்டு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்களாக இருக்கட்டும், தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்தாலும் நல்லதுதான். குறள், சினிமாப் பாட்டு வரி, குலதெய்வம் பெயரோடு பிறந்த வருஷம், இதெல்லாம் வேண்டாம். நாம் எல்லாரும் அதைத்தான் முதலில் யோசிப்போம், திருடனும் நம்ம ஊர்க்காரனாக இருக்கலாம்.

ஒரு ஸ்டாஃப் விலகினால் அவருடைய அனுமதியை நீக்கினால் மட்டும் போதாது, அவர் பார்த்த பாஸ்வேர்டுகளை மாற்றவும் வேண்டும். எதையெல்லாம் பார்த்தார் என்ற பட்டியலாவது இப்போது கையில் இருக்கும், எக்செலில் அது கிடைக்காது.

பாஸ்வேர்டே வாங்காமல் வேலை செய்ய வழி இருக்கிற இடத்தில் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் பார்ட்டி உங்களை பிராக்டிஷனராகச் சேர்த்துக்கொள்ளலாம், நீங்கள் உங்கள் லாகினில் இருந்தே அவருடைய வேலையைப் பார்க்கலாம். நடைமுறையில் முக்கால்வாசி ஆபீஸ்கள் பார்ட்டியின் லாகினையே வாங்கி வைத்துக்கொள்கின்றன, பழக்கம்தான் காரணம். இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் இரண்டடுக்குச் சரிபார்ப்பு எல்லாருக்கும் கட்டாயமாகிவிட்டது, அதனால் ஓடிபி-க்காகப் பார்ட்டியைக் கல்யாண மண்டபத்திலிருந்து வெளியே வரவழைக்கிற கூத்து தினமும் நடக்கிறது. அங்கே சப்-யூசர் உருவாக்கி, அந்த ஸ்டாஃபின் நம்பரைக் கொடுத்துவிட்டால் ஓடிபி நேராக அவருக்கே போகும், யார் பில் போட்டார் என்றும் பதிவாகும். பாதுகாப்பும் வேகமும் ஒரே நடவடிக்கையில் கிடைக்கிற இடம் இது, இந்த வாரமே செய்துவிடுங்கள்.

பார்ட்டிகளின் டிஎஸ்சி டோக்கன்கள் (டிஜிட்டல் கையெழுத்து உள்ள பென் டிரைவ் மாதிரியானவை) மேஜை டிராயரில் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கின்றனவா? ஒவ்வொன்றின் மேலும் பெயரும் பின் நம்பரும் ஸ்டிக்கரில்? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42 அந்தச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உரியவரின் பொறுப்பு என்கிறது, அதாவது பார்ட்டியிடம் இருக்க வேண்டியது உங்களிடம் இருக்கிறது. திருப்பிக் கொடுப்பதுதான் முறை. அவர்களே வாங்கமாட்டேன் என்று உங்களிடம் தள்ளினால் எழுத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, பூட்டு போட்ட பெட்டி, எடுத்தால் வைத்தால் கையெழுத்துப் போட ஒரு நோட்டு, ஸ்டிக்கரில் பின் நம்பர் கிடையாது, அவ்வளவு. இதற்கு மென்பொருளே வேண்டாம், பீரோ போதும்.

வாட்ஸ்அப்பை நிறுத்தச் சொல்லமாட்டேன். ரங்கநாதன் தெருவில் கடை வைத்திருக்கிறவர் உங்களுக்காகப் புதிதாக ஒரு போர்ட்டலில் லாகின் செய்து பில் ஏற்றப் போவதில்லை, ஃபோட்டோ எடுத்து அனுப்பத்தான் செய்வார். வாட்ஸ்அப்பில் போகிற வழி மறைகுறியாக்கப்பட்டுப் பத்திரமாகவே இருக்கிறது, சிக்கல் வந்து சேர்கிற இடத்தில். ஸ்டாஃபின் சொந்த ஃபோன் கேலரியில் குழந்தை பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் பார்ட்டியின் ஆதார், அது தானாக கூகுள் ஃபோட்டோஸுக்கும் ஏறிவிடுகிறது, அவர் வேலையை விட்ட பிறகும் அங்கேயே இருக்கிறது. ஆபீஸ் பெயரில் ஒரு சிம் எடுத்து வாட்ஸ்அப் பிஸினஸ் போடுங்கள், ஒரு ஃபோனோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம், காகிதம் எல்லாம் அந்த நம்பருக்கு மட்டும். கேலரியில் சேமிப்பதையும் தானாக இறங்குவதையும் அணைத்துவிட்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்புப் பின்னைப் போடுங்கள். வந்ததை அன்றைக்கே ஆபீஸ் டிரைவில் பார்ட்டி பெயர் உள்ள ஃபோல்டரில் போடுவது ஒருவருடைய வேலை, யாருடையது என்று பெயர் சொல்லி நியமியுங்கள். 'சலான்', 'கேஒய்சி' என்று ஏபிகே ஃபைல் (ஃபோனில் செயலியை நிறுவுகிற ஃபைல்) வந்தால் திறக்காமல் அழிக்க வேண்டும், நண்பர் நம்பரிலிருந்து வந்தாலும்.

டிரைவும் மெயிலும் ஒரே இடத்தில் வாங்குங்கள். கூகுள் ஒர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஜோஹோ ஒர்க்பிளேஸ் மூன்றுமே உங்கள் தேவைக்குப் போதும். ஜோஹோ நம்ம ஊர் நிறுவனம், 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்தது, இந்தியக் கணக்குகளுக்கான டேட்டா சென்டர் சென்னையிலும் மும்பையிலும் இருக்கிறது. ஊர்ப் பாசத்துக்காக வாங்கச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் பார்ட்டிகளில் கம்பெனி சட்டத்தின் கீழ் பதிவானவர்கள் இருந்தால் கணக்குப் புத்தகத்தின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்ற விதி 2022 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டு எதையும் வாங்குங்கள். உங்கள் ஸ்டாஃபுக்குக் கை பழகியது கூகுள் ஷீட் என்றால் கூகுளே எடுங்கள், பழக்கத்தை மாற்ற ஆகிற செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. எதுவானாலும் இலவச ஜிமெயிலை விட்டுச் சொந்த டொமைனுக்கு மாறி, எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் போடச் சொல்லுங்கள். மகனால் ஒரு மதியத்தில் முடிக்கக்கூடிய வேலை. உங்கள் டொமைன் பெயரை அப்படியே போட்டு அனுப்பும் பொய் மெயிலை எதிர்ப்பக்கம் தள்ளிவிட அது உதவும். ஓர் எழுத்து மாற்றி அனுப்புகிறவனை அது தடுக்காது, அதற்கு 'எங்கள் அக்கவுண்ட் நம்பர் மாறினால் ஃபோனில் மட்டுமே சொல்வோம்' என்று எல்லா பார்ட்டிக்கும் ஒரு தடவை தெரிவித்துவிடுங்கள்.

ஆன்டிவைரஸ் கேட்டீர்கள். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே உங்களுக்குப் போதும், அது அணைந்து கிடக்காமல் இருந்தால். அணைந்து கிடக்கக் காரணம் பெரும்பாலும் ரிச்சி தெருப் பக்கம் யாரோ போட்டுக் கொடுத்த கிராக் (லைசென்ஸ் இல்லாத திருட்டு நகல்) எம்எஸ் ஆபீஸ் அல்லது கணக்கு எழுதுகிற டேலிதான். அதை நிறுவுகிற ஆள் செய்கிற முதல் வேலையே 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிக்கோங்க' என்பது. பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவு நல்ல மரமா என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும். எனவே ஆன்டிவைரஸுக்கு எடுத்து வைத்திருக்கிற பணத்தை ஒழுங்கான டேலி லைசென்ஸுக்குப் போடுங்கள். எம்எஸ் ஆபீஸ் வாங்க முடியாத சிஸ்டத்தில் லிப்ரே ஆபீஸ் போதும்.

விண்டோஸ் 10 உள்ள லேப்டாப் எத்தனை இருக்கிறது? அதற்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. திருத்தம் இல்லாமல் இருப்பது என்ன செய்யும் என்பதற்கு 2017 மே மாதத்து வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற நிரல்) ஒன்றே போதும், ஓட்டையை அடைக்கிற திருத்தம் அந்த மார்ச்சிலேயே வந்துவிட்டிருந்தது, போடாமல் விட்டவர்களின் சிஸ்டங்களில்தான் அது பரவியது. 11-க்கு மாற முடிகிறவற்றை மாற்றுங்கள், மாற முடியாததை நீட்டிப்புச் சந்தாவில் கொஞ்ச காலம் ஓட்டலாம், அதற்குள் புதிது வாங்கத் திட்டமிடுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற இரண்டு பேருக்குத்தான் நல்ல லேப்டாப் முதலில் போக வேண்டும், மின்சார ரயிலில் தொலைகிற வாய்ப்பு அவர்களுடையதுக்குத்தான் அதிகம். விண்டோஸ் ப்ரோ எடுத்து டிஸ்க் முழுவதையும் பூட்டுகிற பிட்லாக்கரைப் போட்டுவிட்டால் லேப்டாப் போனாலும் உள்ளே இருக்கிற தகவல் போகாது. ரெக்கவரி சாவியை அதே லேப்டாப்பில் சேமித்து வைக்கிறவர்கள் உண்டு, வேண்டாம்.

டேலி சர்வீஸ் ஆள், தூரத்திலிருந்தே சிஸ்டத்தை இயக்குகிற எனிடெஸ்க்கில் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வருகிற மாதிரி நிரந்தரப் பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி அந்தச் செயலியை வைத்து நடக்கிற மோசடி பற்றி எச்சரித்தது. செயலியில் குற்றமில்லை, கதவைத் திறந்தே வைப்பதில்தான். கூப்பிட்டால் வரட்டும், வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். தாம்பரம், ஆவடிக்காரர்களுக்காக ஆபீஸ் சிஸ்டத்தின் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்தில் நேராகத் திறந்து வைக்கவே கூடாது, ரான்சம்வேர் ஆட்கள் அதைத்தான் தேடிக்கொண்டு அலைகிறார்கள். டேலியின் டிஎஸ்எஸ் சந்தா நடப்பில் இருந்தால் அதிலேயே ரிமோட் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

பேக்கப் பற்றி மாம்பலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 2015 டிசம்பர் வெள்ளமும் 2021 நவம்பர் வெள்ளமும் நினைவிருக்கும். தரைத்தளத்தில் மேஜைக்கு அடியில் சிபியு, அதன் மேலேயே எப்போதும் சொருகியபடி ஹார்ட் டிஸ்க், இது பேக்கப் கணக்கில் வராது. தண்ணீர் வந்தால் இரண்டும் சேர்ந்து முங்கும், ரான்சம்வேர் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பூட்டும். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில். டேலி டேட்டா தினமும் கிளவுடுக்குப் போகட்டும், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, தம்பி வீட்டுக்குப் போகட்டும். மாதத்துக்கு ஒருமுறை ஓய்வான ஒரு நாளில் ஏதாவது ஒரு பார்ட்டியின் டேட்டாவை அந்தப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள், திறக்கிறதா என்று.

பட்டியலில் மிச்சம் இருப்பவை: விபிஎன் உங்களுக்கு வேண்டாம், யூடியூப் விளம்பரத்தில் சொல்கிற எதையும் அது இங்கே தீர்க்காது. வேலையைப் பகிர்ந்து பின்தொடர்கிற ஸ்லாக், நோஷன், டிரெல்லோ மூன்றும் ஆறு பேருக்கு அதிகம். ஒரு கூகுள் ஷீட்டில் பார்ட்டி பெயர், 11-ஆம் தேதி ஆர்1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 20-ஆம் தேதி 3பி, யார் பொறுப்பு, முடிந்ததா என்று ஐந்து காலம் போட்டாலே 'அவர் போட்டுட்டார்னு நினைச்சேன்' என்கிற பேச்சு நின்றுவிடும். சட்டப் பக்கம் ஒன்று மட்டும்: 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அவகாசம் இருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விட்டால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி. உங்கள் ஆபீஸுக்கு அவ்வளவு போடுவார்கள் என்று பயமுறுத்தவில்லை, பெரிய பார்ட்டிகள் இனிமேல் 'எங்கள் காகிதத்தை எப்படி வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்க ஆரம்பிப்பார்கள், அதற்குப் பதில் கையில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். இந்த 20 முடியட்டும். 21-ஆம் தேதி பாஸ்வேர்டு மேனேஜரை ஆரம்பியுங்கள், முதலில் பத்து பார்ட்டி மட்டும், அடுத்த 20-ஐ அதில் கடந்து பார்த்துவிட்டு மிச்சத்தை ஏற்றுங்கள், எல்லாம் ஏறின பிறகு எக்செலை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும், மெயிலில் அனுப்பிக்கொண்ட பழைய நகல்களையும் தேடி. நிறுவுகிற வேலையை மகனிடமே விடுங்கள். நிர்வாகி கணக்கு மட்டும் உங்கள் பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று இருக்கட்டும், மகன் படிப்பு முடிந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விடுவார். ரெக்கவரி கோடுகளை அச்சிட்டு, கவரில் ஒட்டி, வீட்டுப் பத்திரம் வைக்கிற லாக்கரில் வையுங்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போகிற மாதத்திலும் 20-ஆம் தேதி வரும்.